மாற்றுக் குறைந்த வெள்ளிக் காசுகள்: உப்புக்காற்றில் வாழ்பவர் எந்த வகையைச் சேர்க்கலாம்?

கீழக்கரையிலோ தொண்டியிலோ மண்டபத்திலோ இருந்துகொண்டு பழங்காசு சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் ஆசைப்படுவது தங்கப் பணத்துக்கு. விலையைக் கேட்டதும் கை தானாகப் பின்வாங்கிவிடும். அடுத்தது விக்டோரியா ரூபாய். அது பாதி வீட்டுப் பீரோக்களில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, 9-ஆம் நூற்றாண்டு முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை சுத்தியலால் அடித்து வெளியிட்ட மாற்றுக் குறைந்த வெள்ளிக் காசுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் செம்பு, மிச்சம் வெள்ளி. சேகரிப்பாளர்கள் இதைப் பில்லன் என்கிறார்கள். விலை எட்டக்கூடியது. ஒவ்வொரு காசுக்கும் பின்னால் ஓர் அரசும் அதன் கஜானாவும் நிற்கின்றன. விலை மலிந்த வகைகளில் போலி செய்வது கட்டுப்படியாகாது என்பதால் புதியவர் ஏமாறுவதும் குறைவு.

ஆனால் ஜெய்ப்பூரில் இருப்பவர் தேர்ந்தெடுக்கிற மாதிரி இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே விலை, அழகு, அரிது என்ற மூன்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தக் காசு நம் வீட்டுக் காற்றில் பத்து வருடம் தாங்குமா? எங்கள் கணிப்பில் அதுதான் முதல் கேள்வி. வகைகளை ஒப்பிடும்முன் அந்த உலோகத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது.

வெள்ளி தோலில்தான்

அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் இடத்தில், உலோகத்தை உருக்கி வார்த்து, தட்டி, வெட்டி, நிறை சரிபார்த்து வில்லை ஆக்குவார்கள். வில்லையைச் சூடாக்கும்போது மேலிருக்கும் செம்பு கறுக்கும். அதைப் புளிப்பான கரைசலில் போட்டால் கறுத்த செம்பு கரைந்துபோய் வெள்ளி மட்டும் மேலே தங்கும். அதன்பிறகுதான் கீழச்சில் வைத்து மேலச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஒரே போடு. அதனால் அக்கசாலையை விட்டு வெளியே வந்த அன்று காசு வெள்ளை வெளேர் என்று இருந்திருக்கும். உள்ளே சிவப்பு. அந்த வெள்ளைத் தோல் மிக மெல்லியது.

இதிலிருந்து பல விஷயங்கள் பிறக்கின்றன. குத்துவிளக்கு துலக்குகிற புளியை இந்தக் காசில் தேய்த்தால், தோலுக்கு அடியில் இருக்கும் செம்புக் களிம்பு முதலில் கரையும். பிடிமானம் போன தோல் உரிந்துவிடும். ஐந்தே நிமிடத்தில் எழுத்தின் மேடுகள் வெந்த இறால் நிறத்துக்கு வந்து நிற்கும். அந்தச் சிவப்பை மறுபடி வெள்ளையாக்க வழியே இல்லை. எலுமிச்சை, விபூதி, பல்பொடி எல்லாம் இதே கதைதான். கண்காட்சியில் பளபளவென்று மின்னும் காசு மலிவாகக் கிடைத்தால், யாரோ ஏற்கெனவே இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள் என்று கொள்ளுங்கள்.

நகைக்கடைக் கேரட் மீட்டரும் இங்கே ஏமாற்றும். அது தோலை மட்டும் படிக்கிறது. உள்ளே 15 சதவீதம் வெள்ளி உள்ள காசுக்கு அதைவிட மிக அதிகமாகவே காட்டும். உரைகல்லில் உரசினால் அந்த இடத்தில் உள்மாற்று தெரியும், உண்மை. ஆனால் காசில் ஆறாத கீறல் விழும். 700 வருடம் தாண்டி வந்த காசை உரைகல்லில் தேய்ப்பவரிடம் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக உப்பு. கடற்காற்றில் வரும் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே ஒளிந்துகொள்ளும். காற்றில் ஈரப்பதம் 45 சதவீதத்தைத் தாண்டினால் அது விழித்துக்கொண்டு வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். தட்டிவிட்டால் அடியில் சின்னக் குழி இருக்கும். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் அதற்கு மேல்தான். செம்பு எவ்வளவு அதிகமோ, காசு எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு சீக்கிரம் அழியும். கெட்டியாக, கறும்பச்சையாக, நகத்தால் சுரண்டினாலும் வராத படலம் வேறு. அது காசுக்குக் கவசம். அதைத் தொடக் கூடாது.

லோதி டங்கா: மலிவு, கனம், ஆபத்து

கண்காட்சி மேசையில் குவியலாகக் கிடப்பது பெரும்பாலும் இதுதான். பஹ்லூல் லோதி (1451–1489), சிக்கந்தர் லோதி (1489–1517), இப்ராஹிம் லோதி (1517–1526) என்ற டெல்லி சுல்தான்கள் காலத்து டங்காக்கள், அதாவது பெரிய காசுகள். ஒன்று ஏறத்தாழ 9 கிராம். கையில் வைத்தால் கனமாக, தடித்து, பழமையாகத் தெரியும். சாதாரண வகைகள் சில நூறு ரூபாயில் முடியும்.

சிக்கந்தர் லோதிக்கு ஹிஜ்ரி 894 முதல் 923 வரை ஆட்சி. ஆண்டுக்கு ஒரு காசு என்று வரிசை அடுக்குவது நல்ல பொழுதுபோக்கு, செலவும் தாங்கும். அச்சு வில்லையைவிடப் பெரியது என்பதால் ஆண்டு இலக்கம் பாதி வெளியே விழுந்திருக்கும். மூன்று இலக்கமும் முழுசாக இருக்கிற காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

ஆனால் இதில் வெள்ளி மிகக் குறைவு, கிட்டத்தட்டச் செம்புதான். இராமேசுவரத்திலோ பாம்பனிலோ திறந்த மேசை இழுப்பறையில் வைத்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் பச்சை பூப்பது இதுவாகத்தான் இருக்கும். காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சியும் வாங்கி வைத்த பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். முதல் காசாக இதை வாங்கி, அது பூத்ததைப் பார்த்து மனம் வெறுத்துச் சேகரிப்பையே விட்டவர்கள் நிறையப் பேர்.

இதே நிறையில் பிரோஸ் ஷா துக்ளக்கின் (1351–1388) டங்காவும் கிடைக்கிறது. வெட்டு தெளிவாக இருக்கும். லோதிக்கும் இதற்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் இதையே எடுக்கலாம்.

கதியா பைசா

குஜராத், ராஜஸ்தான், மாளவம், மகாராஷ்டிரம் பக்கம் 9-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை ஓடியது. சுமார் 4 கிராம். பாரசீகத்துச் சசானிய அரசன் பெரோஸின் (459–484) வெள்ளிக் காசில் இருந்த தலையும் அக்கினி மேடையும் தலைமுறை தலைமுறையாக நகல் எடுக்கப்பட்டு, கடைசியில் தலை ஒரு கோடும் சில புள்ளிகளுமாகச் சுருங்கியது. தொடக்ககாலக் காசில் வெள்ளி நன்றாக இருக்கும், பிற்காலத்தில் செம்பு ஏறிவிட்டது.

நம் கரைக்கு இது பொருத்தமான உலோகம். தடித்த சிறு வில்லை. வெள்ளி அதிகமுள்ள முந்தைய வகையாகப் பார்த்து எடுத்தால் உப்புக்காற்றை ஓரளவு தாங்கும். விலையும் சில நூறுதான். குறை, எழுத்து இல்லை. அரசர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. ஒன்று வாங்கலாம், ஐந்து வாங்கலாம். அதற்கு மேல் படிக்க ஒன்றும் இருக்காது. உருவம் எப்படித் தேய்ந்து கோடானது என்று பார்க்கிற கண் உள்ளவருக்கு மட்டும் இது ஆழமான துறை.

காளையும் குதிரைவீரனும்

ஒருபக்கம் படுத்த காளை, மறுபக்கம் ஈட்டியோடு குதிரைவீரன். சிந்து நதிக்கரை ஓஹிந்தின் ஷாஹி அரசர்கள் நல்ல வெள்ளியில் தொடங்கியது. டெல்லி தோமரர், சௌகான்கள் கைக்கு வந்தபோது மாற்று இறங்கிவிட்டது. பிரிதிவிராசன் பெயரிலும் உண்டு. அவரை 1192-ல் தோற்கடித்த முகம்மது பின் சாம் (கோரி முகம்மது) அதே குதிரைவீரனை வைத்துக்கொண்டு நாகரி எழுத்தில் தன் பெயரைப் பொறித்ததும் உண்டு. ஆட்சி மாறினாலும் சந்தையில் ஜனங்கள் நம்பிய உருவத்தை மாற்றத் துணியவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 3.2 முதல் 3.5 கிராம் வரை நிறை. உருவம் வில்லைக்கு வெளியே ஓடியிருப்பதுதான் பெரும் தொல்லை: குதிரையின் காலும் வாலும் இருக்கும், வீரனின் தலை இருக்காது.

டெல்லி 2 கானி: எங்கள் முதல் தேர்வு

ஜிட்டல் என்பது அன்றைய சில்லறைக் காசு. 48 ஜிட்டல் ஒரு வெள்ளி டங்கா என்பது டெல்லிக் கணக்கு. தெற்கே தேவகிரியில் 50. கானி என்பது அந்த ஜிட்டல் மதிப்பைச் சொல்லும் பெயர். பல்பன் (1266–1287) முதல் அலாவுதீன் கில்ஜி (1296–1316) வரை வந்த 2 கானிக் காசுகள் சுமார் 3.5 கிராம், சிறியவை, தடித்தவை, அச்சு பெரும்பாலும் ஆழமாக விழுந்தவை.

பல்பன் காசை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டத்துக்குள் அரபியில் ‘பல்பன்’. அதைச் சுற்றி நாகரியில் ‘ஸ்ரீ சுல்தான் கயாசுதீன்’. இரண்டு எழுத்தும் ஒரே முகத்தில். நாகரி எழுத்தின் தலைக்கோடு வெளிவட்டத்தை ஒட்டி ஓடும். வில்லை சிறிதாகிப்போன காசில் அந்தத் தலைக்கோடுதான் முதலில் காணாமல் போகும். ‘ஸ்ரீ’யும் ‘சு’வும் தெரிகிற காசைத் தேடி எடுங்கள். அலாவுதீனின் மகன் குத்புத்தீன் முபாரக் (1316–1320) சதுரமாகவே அடித்தார். ஒரு சதுரக் காசு இல்லாமல் இந்த வரிசை நிறையாது.

இந்தக் காசுகளைப் பற்றி ஒரு கூடுதல் வசதி உண்டு. டெல்லி அக்கசாலையில் வேலைபார்த்த தக்குர பேரு என்கிற சமணர் 1318-ல் திரவிய பரீட்சை என்ற நூலை எழுதினார். எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி என்று வகைவகையாகக் கணக்குச் சொல்கிறது அது. காசு அடிக்கப்பட்ட காலத்திலேயே அதை நோட்டம் பார்த்த ஒருவரின் கணக்கு நம் கையில் இருப்பது வேறெந்த வகைக்கும் எளிதில் கிடைக்காத பேறு.

விலை நடுத்தரம். கிடைப்பது எளிது. வெள்ளி லோதியைவிட மேல். தடிமன் இருப்பதால் உப்புக்கும் தாக்குப்பிடிக்கும். முதல் பத்துக் காசும் இதிலிருந்தே வாங்கலாம் என்பது எங்கள் முடிவு.

மதுரை சுல்தான் காசு: நம் மண்ணின் வகை

டெல்லிக்காரர்கள் மஅபர் என்று சொன்னது நம்முடைய இந்தக் கரையைத்தான். ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா டெல்லியிடமிருந்து பிரிந்து மதுரையில் தனியரசு அமைத்தார். 1330-களில் தொடங்கி ஹிஜ்ரி 779, அதாவது 1377–78 வரை காசு வந்திருக்கிறது. கடைசிக் காசுகள் அலாவுதீன் சிக்கந்தர் ஷா பெயரில். விஜயநகரத்துக் குமார கம்பணர் படையெடுத்து மதுரையைக் கொண்டபிறகும் சில ஆண்டுகள் இந்தப் பெயரில் காசு ஓடியது என்பதைக் காசுதான் சொல்கிறது.

மட்ட வெள்ளியிலும், அதாவது மாற்றுக் குறைந்த வெள்ளியிலும், செம்பிலும் வந்தன. மட்ட வெள்ளிக் காசுகள் டெல்லி ஜிட்டல் அளவையே ஒட்டியவை. இருபுறமும் அரபி எழுத்து மட்டும், உருவம் கிடையாது. அஹ்சன் ஷா காசில் ‘தாஹா, யாசீன் வழித்தோன்றல், ஏழை எளியோரின் தந்தை’ என்று வருவது படிக்கப் படிக்கத் தித்திப்பது. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மதுரைக்கு வந்தபோது ஆண்டவர் கியாசுத்தீன் தாம்கானி. இருவரும் அஹ்சன் ஷாவின் மகள்களைக் கட்டியவர்கள், அதாவது சகலைகள். அந்தக் கியாசுத்தீன் பெயரிலும் காசு உண்டு. இப்னு பதூதா கப்பலேறிய பத்தன் துறைமுகம் நம்முடைய பெரியபட்டினம்தான் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டதும் நமக்குத் தெரியும். இவ்வளவும் சேர்ந்த ஒரு காசு நம் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

படிப்பதில்தான் பலருக்குத் தயக்கம். நம் கரையில் இருப்பவருக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, பனைக்குளம், எந்த ஊரிலும் மதரஸாவில் ஓதிய பிள்ளை அரபி எழுத்துக் கூட்டும். அரபுத்தமிழ் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டு ஒளியில் காசைப் படம் எடுத்து, பெரிதாக்கி உஸ்தாத் ஒருவரிடம் காட்டுங்கள். உயர்ந்து நிற்கும் அலிஃப், லாம் இரண்டையும் பிடித்துவிட்டால் ‘அஸ்ஸுல்தான்’ வந்துவிடும். அது வந்துவிட்டால் காசு நேராக இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் வரும் பெயர்தான் பிறகு தேட வேண்டியது. காசில் எழுத்துகள் அடுக்கடுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். கீழ்வரியிலிருந்து மேலே படித்துப்போக வேண்டிய காசுகளும் உண்டு. ஓதத் தெரிந்தவரும் இதில் முதலில் கொஞ்சம் திணறுவார், அவசரப்படுத்தாதீர்கள்.

ஆண்டு இலக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. அரபி 7 மேலே திறந்த கவட்டைக்கொம்பு மாதிரி. 8 அதையே கவிழ்த்தது. மதுரைக் காசு எல்லாம் எழுநூற்றுச் சொச்சம். காசைத் தலைகீழாகப் பிடித்தவர் 7-ஐ 8 என்று படித்து ஆண்டையே தப்பாக எழுதி விற்பார், வாங்குபவரும் அப்படியே நம்புவார். முதலில் எழுத்து நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு இலக்கத்துக்கு வாருங்கள். ஹிஜ்ரியை நம் ஆண்டாக்க, 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் போதும். 740 என்றால் 717.8, கூட்டினால் 1339.8, ஆக 1339–40.

விலை டெல்லிக் காசைவிட நிச்சயம் கூடுதல். பெயர் தெளிவான மட்ட வெள்ளிக் காசு பெரும்பாலும் ஆயிரங்களில் போகும். செம்புக் காசு அதைவிடக் குறைவு. செம்பை மட்ட வெள்ளி என்று சொல்லி விற்பது இந்த வகையில் அடிக்கடி நடக்கிறது. தேய்ந்த மேடுகளை மட்டும் பார்க்காமல் எழுத்துக்கு இடையே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். மட்ட வெள்ளி என்றால் பள்ளத்தில் வெண்சாம்பல் தோல் தங்கியிருக்கும். பள்ளமும் மேடும் ஒரே பழுப்பாக இருந்தால் செம்பு என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். டெல்லிக் காசில் கண் பழகிய பிறகு இதற்கு வந்தால் ஏமாற மாட்டீர்கள். வரிசை அதனால்தான் அப்படிச் சொன்னோம்.

விலகி நிற்கலாம் என்று சொல்பவை

ஐரோப்பிய டெனியர்கள், அதாவது மெல்லிய சிறு காசுகள், இணையத்தில் கவர்ச்சியாக இருக்கும். சிலுவைப்போர்க்காரர்கள் ஆண்ட அந்தியோக்கியாவின் மூன்றாம் பொஹிமாண்டு (1163–1201) காசில் தலைக்கவசம் அணிந்த முகம் அழகுதான். ஆனால் ஒரு கிராம்கூட முழுசாக வராத மெல்லிய தகடு. கடலோர ஈரத்தில் விளிம்பு வெடிப்பு ஒன்று உள்ளே நகர்ந்தால் காசு இரண்டாகும். பிடிக்காமல் போனால் திருப்பி வெளிநாட்டுக்கு விற்கவும் முடியாது. 100 ஆண்டு கடந்த காசு எந்த நாட்டுடையதானாலும் அதை இங்கிருந்து தனியார் வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை.

இலங்கை மாசாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது மட்ட வெள்ளி அல்ல, செம்பு. சுமார் 4 கிராம். ஒருபுறம் நிற்கும் அரசன், மறுபுறம் அமர்ந்த அரசன், நாகரியில் பெயர். பராக்கிரமபாகுவின் (1153–1186) தளபதி இலங்காபுரன் பாண்டியப் போருக்கு இறங்கியது இந்தக் கரையில்தான். அவன் கோட்டை கட்டிய குந்துகாலம் இன்றைய பாம்பன் குந்துகால் என்றே அடையாளம் காட்டுகிறார்கள். பராக்கிரமன் பெயர் பொறித்த காசைப் பாண்டிய நாட்டில் புழங்கவிட்டதாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சமும் சொல்கிறது. மட்ட வெள்ளிச் சேகரிப்புக்குள் இது சேராது. ஆனாலும் இராமநாதபுரத்துக்காரர் ஒன்றாவது வைத்திருப்பதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

நோட்டம் பார்க்கும் முறை

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் துல்லியத் தராசு இரண்டும் இல்லாமல் கண்காட்சிக்குப் போகாதீர்கள். மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் நடக்கும் கண்காட்சிகளில் நேரில் பார்த்து வாங்குவது, படத்தைப் பார்த்து வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

விளிம்பிலிருந்து தொடங்குங்கள். சுத்தியலடி பட்ட காசின் விளிம்பில் சிறு வெடிப்புகள் இருக்கும், அவை உள்நோக்கிக் கூர்மையாக ஓடும். வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு, அல்லது அதை அரம் வைத்து ராவிய தடம் தெரியும். அடுத்து எழுத்தின் அடிவாரம். அடித்த காசில் எழுத்துச் சுவர் செங்குத்தாக இறங்கும். வார்த்ததில் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று சரியும், தரையில் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகள் இருக்கும். ஒரே வியாபாரியிடம் ஒரே வெடிப்பு, ஒரே இடத்தில் வெட்டுப்பட்ட விளிம்போடு இரண்டு காசு கண்டால் இரண்டையும் கீழே வையுங்கள். கையால் அடித்த காசில் அச்சு ஒன்றாக இருக்கலாம், வில்லை ஒருபோதும் ஒன்றாக இருக்காது.

முலாம் பூசியதைக் கண்டுபிடிக்க எளிய வழி: உண்மையான தேய்மானத்தில் மேடு சிவந்து பள்ளம் வெளுத்திருக்கும். தேய்ந்த மேடும், வெடிப்பின் உட்புறமும், அரித்த குழியும் எல்லாமே ஒரே வெள்ளையாக இருந்தால் அண்மையில் வெள்ளி பூசியது.

அடர்த்தி பார்த்து மாற்றுக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். முறை சரி, அளவில்தான் சிக்கல். வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்புக்கு 8.96. 20 சதவீதம் வெள்ளி என்றால் ஏறத்தாழ 9.23. தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கி, காசை மெல்லிய தங்கூசி நரம்பில் கட்டி அடியைத் தொடாமல் முக்கினால், தராசு காட்டுவது வெளியேறிய நீரின் எடை. காற்றில் எடுத்த நிறையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 3.5 கிராம் காசுக்கு அந்த நீர் 0.38 கிராம்தான். இதில் 0.01 பிசகினால் விடை 9.0-க்கும் 9.5-க்கும் நடுவே எங்கும் போகும். 9.0 என்றால் வெறும் செம்பு, 9.5 என்றால் நாற்பது சதவீத வெள்ளி! ஆகவே 2 கானிக்கும் மதுரைக் காசுக்கும் 0.001 கிராம் தராசு இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். 9 கிராம் லோதிக்குப் பிசகு இதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் அரித்த குழிகளில் காற்று தங்கினால் விடை கீழே இறங்கிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. பார்த்து முடித்ததும் உடனே நன்கு உலர்த்த வேண்டும்.

வீட்டுக்கு வந்த காசு

புதிதாக வந்த காசைப் பழையவற்றோடு சேர்க்காதீர்கள். ஒரு சின்ன மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சை ஓரமாக வைத்து, அதைத் தொடாமல் காசை இரண்டு நாள் வையுங்கள். புதிதாக வெளிர்பச்சை பூத்தால் உள்ளே குளோரைடு உயிரோடு இருக்கிறது. பூக்காவிட்டால் உலர்த்திச் சேர்க்கலாம்.

பூத்த காசை வாலை நீரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறப்போட்டு நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். நம் ஊர்க் கிணற்று நீரும் குழாய் நீரும் உவர். அதில் ஊறப்போட்டால் நோயை ஊட்டியதாகும். மாற்றிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால் மாதிரி வெண்மை படர்ந்தால் உப்பு இன்னும் வருகிறது. படராத நாள் வந்ததும் அசிட்டோனில் முக்கி உலர்த்தலாம். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு அணைந்த இடத்தில் இதைச் செய்யுங்கள்.

வைக்கும் இடம்: சிலிக்கோன் வளையம் உள்ள, காற்றுப் புகாத 5 லிட்டர் டப்பா. அதற்குள் 150 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானி. முள் 35-க்குக் கீழே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் தடித்த தோசைக்கல்லில் மிக மெல்லிய தீயில் கிளறி, பழைய நிறம் வந்ததும் இறக்கி ஆறவிட்டுத் திரும்ப வைக்கலாம். அந்தக் கல்லில் பிறகு தோசை வார்க்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் இந்த வேலை எப்போதாவதுதான். ஐப்பசி மழை இறங்கி வாடைக்காற்று வீசத் தொடங்கினால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

காசை மெத்தென்ற பிவிசி உறையில் போடாதீர்கள், அது தானே அமிலம் கக்கும். மைலார் உறையோ அக்ரிலிக் குப்பியோ நல்லது. அட்டைச் சட்டத்தில் வைத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பது நாடெங்கும் வழக்கம். நம் காற்றில் அந்தப் பின் ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடித்துச் சட்டத்தில் பழுப்பு வழியவிடும், துரு ஈரத்தையும் பிடித்துவைக்கும். பசை ஒட்டும் சட்டம் வாங்குங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளித் தோலைக் கறுக்கடிக்கும்.

“கரையில் கிடைத்தது” என்று கொண்டுவரும் காசு

அழகன்குளம் வைகை முகத்தில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்த இடம். அங்கே ரோமானியக் காசும் கிடைத்திருக்கிறது. அதனாலேயே மழைக்குப் பிறகு காசு பொறுக்கிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. மண்ணுக்குள் மறைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் எழுத்து மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. அப்படிப்பட்ட காசை வாங்குவதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது: எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற செய்தி அந்த நிமிடமே செத்துவிடுகிறது. மதுரை சுல்தான் காசு ஒன்று நம் கரையில் எங்கே கிடைத்தது என்பது காசைவிட மதிப்புள்ளது. கொண்டுவருபவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப்போங்கள். வாங்குவது உரிமம் பெற்ற வியாபாரியிடம், ரசீதோடு இருக்கட்டும். ரசீதில் அரசர் பெயர், நிறை, உலோகம் மூன்றும் எழுதச் சொல்லுங்கள்.

பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் இரண்டாயிரத்துக்குள் தராசு, லென்ஸ், ஈரப்பதமானி, டப்பா, ஜெல் முடிந்துவிடும். அதை முதலில் வாங்கி ஒரு மாதம் காசே இல்லாமல் டப்பாவை வைத்து, முள் 35-க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பல்பன், அலாவுதீன், முபாரக் சதுரம் என்று டெல்லியில் நாலைந்து, கதியா ஒன்று, குதிரைவீரன் ஒன்று. மீதியைத் தொடாமல் வையுங்கள். பெயரும் இலக்கமும் தெளிவான ஓர் அஹ்சன் ஷா காசு மேசைக்கு வர ஒரு வருடம்கூட ஆகலாம். வருகிற அன்று கையில் பணம் இருக்க வேண்டும்.